பூட்டு எங்கே? சாவி யார் கையில்?

கொழும்பு மாநகரில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகள் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் என்பதை எவரும் அறிவர். காலி வீதியிலும், அதிலிருந்து கடற்கரையை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான குடியிருப்புக்களின் நடுவிலும் சலவை நிலையங்கள் பல இயங்குகின்றன. விடுதிகளின் படுக்கை விரிப்புக்கள், கல்யாண மண்டபங்களின் மேசை விரிப்புக்கள், உத்தியோகத்தர்களின் சட்டைகள் ஆகிய யாவும் அங்கே பெரிய இயந்திரங்களில் வெளுக்கப்படுகின்றன. மக்கள் அவற்றை லோண்டரி என்கின்றனர். வெளுத்து மடித்த துணியைக் கையில் வாங்கிச் செல்லும் நம்மில் எத்தனை பேர், அந்த இயந்திரம் பழுதுபட்டால் அதனைத் திறந்து பார்ப்பவர் யார், அவர் எந்நிலையில் நின்று அவ்வேலையைச் செய்கிறார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அக்கேள்வியையே இவ்வாரம் வாசகர்களின் சிந்தனைக்கு முன்வைக்கிறோம்.

அரசியல் ஏட்டுக்குச் சலவை இயந்திரத்தோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். ஒரு மக்களின் உரிமை, பாராளுமன்றத்தில் எழுப்பப்படும் பெருங் கோரிக்கைகளோடு முடிந்துவிடுவதில்லை. காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் உயிரோடு வீடு திரும்புவதும் உரிமையே. அவ்வுரிமையைக் காக்க வேண்டிய சட்டத்தில், பழுதுபார்ப்பவர் நிற்கும் இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதனைச் சுட்டிக்காட்டுவதும், அது அடைபடும் வரையில் நாமே செய்துகொள்ளக்கூடிய காவல் யாதென்பதைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லிலிருந்து இயந்திரத்துக்கு

நமது சமூகத்தில் துணி வெளுக்கும் தொழில் நெடுங்காலமாக ஒரு சாராரின் தலையில் பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்டிருந்தது. குளக்கரையிலும் ஆற்றங்கரையிலும் கல்லின்மேல் அடித்து வெளுத்தவர்களின் உழைப்பை அனுபவித்த சமூகம், அவர்களைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தி வைத்தது. இயந்திரம் வந்தமையால் அத்தொழில் சாதியின் பிடியிலிருந்து மெல்ல விடுபட்டு, எவரும் முதலிட்டு நடத்தக்கூடிய வர்த்தகமாயிற்று. அதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும், பழைய முறையில் உழைப்பவனின் முதுகு மட்டுமே முறிந்தது. புதிய முறையில் அவனது உயிருக்கே ஆபத்து வந்திருக்கிறது. தொழில் மாறியபோது, கீழே நிற்பவனின் துன்பத்தைக் காணாதிருக்கும் நமது பழக்கம் மட்டும் மாறவில்லை.

இயந்திரத்தை நாள்தோறும் இயக்குபவர் அதன் வெளிப்புறத்தையே தொடுகிறார். பழுதுபார்ப்பவரோ மூடியைக் கழற்றி, கம்பிகளுக்கிடையே கையை விட்டு, சில வேளைகளில் உருளைக்குள் தலையையும் தோளையும் நுழைத்து வேலை செய்கிறார். காலின் கீழே ஈரத்தரை, சுற்றிலும் உலோகம், பின்புறம் சுவர். உற்பத்தியாளன் அமைத்த காப்புக்கள் யாவும் அந்நேரத்தில் கழற்றி வைக்கப்பட்டிருக்கும். ஆகவே, இயந்திரம் ஓடும்போது இருப்பதைக் காட்டிலும் அது பழுதுபார்க்கப்படும்போதே ஆபத்து மிகுதி.

நிறுத்துவது வேறு, துண்டிப்பது வேறு

இயந்திரத்தின் முகப்பிலுள்ள பொத்தானை அழுத்தினால் அது நின்றுவிடுகிறது. நின்றுவிட்டதனால் அதில் மின்சாரம் இல்லை என்று நினைப்பதே பெருந்தவறு. அப்பொத்தான் உள்ளேயிருக்கும் ஒரு தொடுகருவியை விடுவிக்கிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து இயந்திரத்துக்குள் வரும் கம்பிகளின் முனைகள் முன்போலவே உயிருடன் இருக்கும். நமது நாட்டில் ஒருமுனை இணைப்பு 230 வோல்ட் அழுத்தமுடையது. பெரிய சலவை இயந்திரங்களுக்கும் உலர்த்திகளுக்கும் வழங்கப்படும் மும்முனை இணைப்பில் இரு முனைகளுக்கிடையே 400 வோல்ட் இருக்கும். பொத்தானை நம்பி மூடியைக் கழற்றுபவர் அந்த அழுத்தத்தின் முன்னிலையிலேயே கையை நீட்டுகிறார்.

எனவே, சுவரிலுள்ள ஐசொலேட்டர் எனப்படும் துண்டிப்பு ஆளியை இறக்குதல் வேண்டும். அதனை இறக்கிய பின்னரும் ஆபத்து முற்றாக நீங்கிவிடுவதில்லை. இக்காலத்து இயந்திரங்களில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த இன்வேட்டர் என்னும் கருவி பொருத்தப்படுகிறது. அது மாறுமின்னை நேர்மின்னாக்கிக் கப்பாசிட்டர்களில் தேக்கி வைக்கிறது. மும்முனை இணைப்பாயின் அவ்வாறு தேங்கும் அழுத்தம் ஏறக்குறைய 565 வோல்ட். ஒருமுனை இணைப்பாயின் ஏறக்குறைய 325 வோல்ட். துண்டித்த பின்பும் அது சில நிமிடங்கள் அங்கேயே தங்கியிருக்கும். உற்பத்தியாளர் குறித்துள்ள நேரம் வரையில் பொறுத்திருந்து, மானியினால் அளந்து பார்த்து, அழுத்தம் வடிந்துவிட்டது என்று கண்ட பின்னரே கையை வைக்கலாம். பழைய இயந்திரங்களில் மோட்டாரைத் தொடக்கிவிடுவதற்கான கப்பாசிட்டருக்கும் இந்த விதி பொருந்தும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய இயந்திரங்கள் வேறொரு தொல்லையைத் தருகின்றன. ஜப்பானில் வீட்டு இணைப்பு 100 வோல்ட். தொழிற்கூட இணைப்பு பெரும்பாலும் 200 வோல்ட். அத்தகைய இயந்திரத்தை இங்கு ஓட்டுவதற்கு இடையில் ஒரு மின்மாற்றி வைக்கவேண்டும். செலவைக் குறைப்பதற்கென ஒரே சுருளுடைய மின்மாற்றியை வைப்பாராயின், இயந்திரத்துக்கும் வீதிக் கம்பிக்கும் இடையே நேரடித் தொடர்பு நீடிக்கும். 100 வோல்ட் தானே என்று அலட்சியமாகத் தொடுபவருக்கு, கம்பிகள் மாறி இணைக்கப்பட்டிருந்தால், 230 வோல்ட் தாக்குதல் காத்திருக்கும்.

ஈரமும் உடலும்

மின்சாரம் மனிதனைக் கொல்வது அழுத்தத்தினால் மாத்திரமன்று. உடலினூடே பாயும் ஓட்டத்தினாலேயே. உலர்ந்த தோல் ஓரளவு தடையாக நிற்கும். நனைந்த தோலின் தடை பெரிதும் வீழ்ந்துவிடும். நனைந்த உடலின் தடையை ஏறக்குறைய ஆயிரம் ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட் அழுத்தத்தில் பாயும் ஓட்டம் 230 மில்லி அம்பியர் ஆகும். பத்து மில்லி அம்பியர் அளவிலேயே கைத்தசை இறுகிப் பிடித்த கம்பியை விட முடியாமற் போகலாம். முப்பதைத் தாண்டினால் மூச்சுத் தடைப்படலாம். ஐம்பதுக்கு மேற்பட்டுச் சிறிது நேரம் நீடித்தால் இதயம் தாளம் தவறித் துடித்து நின்றுவிடலாம். ஆகவே, லோண்டரியின் ஈரத்தரையில் நிற்பவருக்குக் கிடைக்கக்கூடிய தாக்குதல், உயிரைப் போக்கப் போதுமான அளவைப் போலப் பன்மடங்காகும்.

பியூஸ் நம்மைக் காக்கும் என்பது மற்றொரு மயக்கம். முப்பது அம்பியர் பியூஸ் கம்பிகள் எரியாமற் காப்பதற்கென வைக்கப்பட்டது. கால் அம்பியர் ஓட்டம் ஒருவரைக் கொன்றுகொண்டிருக்கும்போது அது அசையாது. மக்கள் ட்ரிப் சுவிட்ச் என்று கூறும் கருவி, நிலத்துக்குக் கசியும் ஓட்டம் 30 மில்லி அம்பியரை எட்டும்போது இணைப்பை அறுத்துவிடுகிறது. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் மிகப் பல. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஒரு கை உயிர்க் கம்பியையும் மறு கை நொதுமற் கம்பியையும் தொடுமாயின், ஓட்டம் நிலத்துக்குக் கசிவதில்லை. ட்ரிப் சுவிட்ச் அதனை அறியாது. கப்பாசிட்டரில் தேங்கிய மின்னையும் அது அறியாது.

இதனிலும் கொடியது ஒரு வழக்கம். உலர்த்தியின் வெப்பச் சுருளில் ஈரம் புகுந்தாலோ, இன்வேட்டரிலிருந்து சிறு கசிவு ஏற்பட்டாலோ ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும். வேலை தடைப்படுகிறது, வாடிக்கையாளர் காத்திருக்கிறார். உடனே அந்த சுவிட்சைத் தாண்டிக் கம்பி போடுவதும், எர்த் கம்பியைக் கழற்றி விடுவதும் நடைபெறுகின்றன. காவற்காரன் குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டு நிம்மதியாக உறங்குவதற்கு இது ஒப்பாகும். கதவு திறந்திருக்கையில் உருளை சுழலாமல் தடுக்கும் பூட்டை ஒரு துண்டுக் கம்பியால் ஏமாற்றுவதும் இவ்வகைப்பட்டதே. இவற்றைச் செய்தவர் போய்விடுவார். பல மாதங்களின் பின் மூடியைத் திறக்கும் வேறொருவரே அதன் விலையைச் செலுத்துவார்.

மின்வெட்டு தரும் பொய்த் துணிவு

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்நாட்டு மக்கள் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்தனர். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது; பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. அன்று மின்சாரம் இடத்துக்கு இடம் வெவ்வேறு நேரங்களிலேயே திரும்பிவந்தது.

கரண்ட் இல்லாத இந்நேரத்தில் இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிடலாம் என்ற எண்ணம் இத்தகைய வேளைகளில் எழுவது இயல்பு. ஆளியை இறக்காமல், பூட்டாமல், மின்வெட்டையே காவலாக நம்பி வேலை தொடங்கப்படுகிறது. வெட்டு எப்பொழுது முடியும் என்பதைத் தீர்மானிப்பவர் அந்த அறையில் இல்லை. அறிவித்த நேரத்துக்கு முன்னரே மின்சாரம் வந்துவிட்டால், கம்பிகளுக்கிடையே கை வைத்திருப்பவருக்கு எச்சரிக்கை கொடுப்பார் எவருமில்லை.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் இடங்களில் ஆபத்து இரட்டிப்பாகும். பிரதான ஆளியை இறக்கிவிட்டோம் என்று பழுதுபார்ப்பவர் நம்பியிருக்க, முன் அறையில் இருப்பவர் விளக்குக்காக ஜெனரேட்டரைத் தொடக்கிவிடக்கூடும். இரு வழிகளில் ஒன்றை மட்டும் இணைக்கும் மாற்று ஆளி இல்லாத இடத்தில், அந்த மின்சாரம் வீதிக் கம்பியினூடே பின்னோக்கிச் சென்று, அங்கே திருத்த வேலை செய்யும் மின்சார சபை ஊழியரையும் தாக்கலாம். ஒரு கடையில் காட்டும் கவனக்குறைவு வீதியில் நிற்பவருடைய உயிரையும் பறிக்கக்கூடும்.

சட்டத்தின் ஓட்டை

சட்டத்தைப் பார்ப்போம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி இயற்றப்பட்டது. புகைபோக்கியும் நூற்றுக்கணக்கான ஆட்களும் இருந்தாற்றான் தொழிற்சாலை எனப் பலர் எண்ணுகின்றனர். சட்டத்தின் பொருள்கோடல் அவ்வாறன்று. இலாபத்துக்காகப் பொருள்களைக் கழுவுவதற்கும் துப்புரவு செய்வதற்கும் கைவேலைக்கு ஆட்களை அமர்த்தியுள்ள இடமும் அதன் வரம்பினுள் அடங்கும். ஆகவே, வெள்ளவத்தை ஒழுங்கையிலுள்ள லோண்டரியின் முதலாளி தம்மைக் கடைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். சட்டத்தின் கண்களில் அவர் தொழிற்சாலை நடத்துபவர். இயந்திரங்களுக்குக் காப்பு அமைத்தல், விபத்தை அறிவித்தல் முதலிய கடமைகள் அவரைச் சாரும்.

அங்கே நிரந்தரமாக வேலை செய்யும் ஒருவர் மின்தாக்கத்தினால் இறந்தால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அவருடைய குடும்பத்துக்கு ஆறுதல் அளிக்கிறது. ஐந்தரை இலட்சம் ரூபாவாக இருந்த அதன் உச்ச வரம்பு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் இருபது இலட்சமாக உயர்த்தப்பட்டது. இச்சட்டத்தின் சிறப்பு யாதெனின், முதலாளியின் கவனக்குறைவை எண்பிக்க வேண்டியதில்லை. வேலையின் நிமித்தம், வேலையின்போது விபத்து நேர்ந்தது என்று காட்டினாற் போதும்.

ஆனால் பழுதுபார்க்க வருபவர் யார்? பெரும்பாலும் அவர் அந்த லோண்டரியின் வேலையாள் அல்லர். தொலைபேசியில் அழைத்தவுடன் கருவிப் பையோடு வருகிறார். பழுது நீங்கியதும் கூலியைப் பெற்றுக்கொண்டு போகிறார். சட்டத்தின் மொழியில் அவர் சுயாதீன ஒப்பந்தகாரர். வேலையாள் என்னும் வரைவிலக்கணம் அவரைத் தொடுவதில்லை. அவருடன் வரும் உதவிப் பையன் அவருக்கே வேலையாள் ஆவான். ஆனால் அந்த எளிய மனிதரிடமிருந்து நட்டஈடு பெறுவது கல்லில் நார் உரிப்பதாகும். ஒப்பந்தகாரரின் வேலையாட்களுக்கும் முதன்மை முதலாளி பொறுப்பாகும் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. எனினும், அது முதலாளியின் வழமையான தொழிலின் பகுதியாகிய வேலைக்கே பொருந்தும். இயந்திரத்தைத் திருத்துவது துணி வெளுக்கும் தொழிலின் பகுதியா என்பதில் வாதத்துக்கு நிறைய இடமுண்டு.

எஞ்சுவது உரோம டச்சுச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கும் நட்டஈட்டு வழக்கு. அங்கே கவனக்குறைவை வழக்காளியே எண்பிக்க வேண்டும். எதிரிப் பக்கம் என்ன சொல்லும் என்பதை வழக்கறிஞர் எவரும் முன்கூட்டியே கூறிவிடுவர்: "இறந்தவர் தொழில் தெரிந்தவர், ஆபத்தை அறிந்தே தொட்டார்." புதுக்கடை நீதிமன்றங்களில் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடைபெறும். கணவனை இழந்த பெண், பிள்ளைகளின் பசியை ஒத்திவைத்துவிட்டுத் தவணைகளுக்கு அலைய முடியுமா? மரண விசாரணையில் மின்தாக்கத்தினால் நேர்ந்த விபத்து என்று எழுதப்படுவதோடு பெரும்பாலான வீடுகளில் சட்டத்தின் கதை முடிந்துவிடும்.

இயந்திரத்தை இயக்குபவருக்குச் சட்டம் குடை பிடிக்கிறது. அவரைவிடக் கூடிய ஆபத்தில் நிற்பவரை மழையில் விட்டுவிடுகிறது. இதுவே நாம் கூறும் ஓட்டை.

பிற நாடுகள் கண்ட வழி

பிரித்தானியா இவ்வோட்டையை அடைத்துவிட்டது. 1974ஆம் ஆண்டின் தொழிற் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தம்மிடம் வேலை செய்யாதவர்களின் பாதுகாப்புக்கும் தொழில் நடத்துபவரைப் பொறுப்பாக்கியது. 1989ஆம் ஆண்டின் வேலைத்தல மின்சார ஒழுங்குவிதிகள் முதலாளியை மாத்திரமன்றிச் சுயதொழில் செய்பவரையும் கட்டுப்படுத்துகின்றன. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வேலை செய்யக்கூடிய இடத்தில் உயிர்க் கம்பியில் வேலை செய்யலாகாது என்பது அவ்விதிகளின் 14ஆவது விதியாகும்.

அமெரிக்காவில் அதே 1989ஆம் ஆண்டில் பூட்டும் அட்டையும் என்னும் விதி பிறந்தது. இயந்திரத்தைத் திருத்துபவர் அதன் சக்தி மூலங்கள் அனைத்தையும் துண்டித்து, ஆளியில் தம்முடைய பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும் என்பதே அவ்விதி. அதனைக் கைக்கொள்வதனால் ஆண்டுதோறும் 120 உயிர்கள் காக்கப்படுகின்றன என்றும், 50,000 காயங்கள் தவிர்க்கப்படுகின்றன என்றும் அந்நாட்டுத் தொழிற் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டுள்ளது.

விதி இருந்தும் அதனைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கும் அங்கேயே சான்றுண்டு. 2007ஆம் ஆண்டு மார்ச் 6ஆந் திகதி, ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில், சின்டாஸ் நிறுவனத்தின் சலவைச்சாலையில் ஈரத்துணிகளைக் கொண்டுசெல்லும் பட்டி அடைத்துக்கொண்டது. இயக்கம் நிறுத்தப்படாமல் இருக்கையில் அடைப்பை நீக்க முயன்ற தொழிலாளி, பட்டியினால் இழுக்கப்பட்டு உலர்த்திக்குள் வீழ்ந்து உயிரிழந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அரசாங்கம் அந்நிறுவனத்துக்கு இருபத்தேழு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தண்டத்தை முன்மொழிந்தது. அவரைக் கொன்றது மின்தாக்கமன்று, ஓடிக்கொண்டிருந்த இயந்திரம். ஆயினும் இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கையை வைக்குமுன் சக்தியைத் துண்டித்துப் பூட்டுவது.

பூட்டு ஏன்?

ஆளியை இறக்கினாற் போதாதா, பூட்டும் எதற்கு என்று கேட்கலாம். ஆளியை இறக்கியவர் இயந்திரத்தின் பின்னால் இருக்கிறார். ஆளி வாசலருகே இருக்கிறது. இயந்திரம் ஏன் ஓடவில்லை என்று பார்க்க வரும் மற்றொருவர், நல்லெண்ணத்தோடேயே அதனை உயர்த்திவிடுவார். பின்னால் நிற்பவரை அவர் காண்பதில்லை. பூட்டு அந்த நல்லெண்ணத்தைத் தடுத்து நிறுத்துகிறது. அதன் சாவி வேலை செய்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், முதலாளியின் மேசையிலன்று. இருவர் வேலை செய்தால் இரண்டு பூட்டுகள். கடைசி மனிதர் வெளியே வந்து தமது பூட்டைக் கழற்றும் வரையில் இயந்திரம் ஓடாது.

பூட்டிய பின் சோதனை. மானியை முதலில் உயிருள்ள இணைப்பொன்றில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டும். பின்னர் திருத்தவேண்டிய இடத்தில் வைத்து மின்சாரம் இல்லை என்று காணவேண்டும். மீண்டும் உயிருள்ள இடத்தில் வைத்து மானி இடையிற் பழுதாகவில்லை என்று உறுதிப்படுத்தவேண்டும். சட்டைப்பையில் குத்தியிருக்கும் டெஸ்டர் ஆணியின் சிறு விளக்கை மட்டும் நம்பி உயிரைப் பணயம் வைத்தலாகாது. செருகியினால் இணைக்கப்பட்ட சிறு இயந்திரமாயின், செருகியைக் கழற்றித் தம் கண்ணெதிரே, தம் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வதே பூட்டுக்குச் சமமாகும்.

செலவு என்பார்கள். ஒரு பூட்டின் விலை, சில சட்டைகளை வெளுத்து மடிக்கும் கூலியைத் தாண்டாது. நேரம் என்பார்கள். பூட்டவும், பொறுத்திருக்கவும், சோதிக்கவும் பத்துப் பதினைந்து நிமிடங்கள் செல்லும். இருபது ஆண்டுகளாகச் செய்கிறேன், எனக்கு ஒன்றும் நேரவில்லை என்று கைதேர்ந்தவர்கள் சொல்வார்கள். அவர்களுடைய திறமையை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்களுடைய இருபது ஆண்டு அனுபவம், வாசலருகே ஆளியை உயர்த்தும் அந்நியரின் கையைத் தடுக்குமா?

மொழியும் உயிரும்

இங்கு மொழிப் பிரச்சினையும் தலைகாட்டுகிறது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் தமிழை ஆட்சியிலிருந்து ஒதுக்கியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. ஏட்டில் எழுதியது இயந்திரத்தின் மூடிவரை வந்து சேரவேண்டுமன்றோ? "துண்டித்தபின் பத்து நிமிடம் பொறுத்திருக்கவும்" என்ற வாசகம் ஆங்கிலத்திலோ சீனத்திலோ இத்தாலிய மொழியிலோ எழுதப்பட்டிருந்தால், கொட்டாஞ்சேனையில் அதன்முன் நிற்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் சிங்களத் தொழிலாளிக்கும் அதனால் என்ன பயன்? இவ்விடயத்தில் இரு சாராரின் நலனும் ஒன்றே. மின்சாரம் இனம் பார்த்துத் தாக்குவதில்லை. தமிழிலும் சிங்களத்திலும் எச்சரிக்கை வேண்டும் என்று நாம் கேட்பது இருவரது உயிருக்காகவுமே.

செய்யவேண்டியவை

குறை கூறுவதோடு எமது கடமை முடிந்துவிடாது. நாம் வேண்டுவன இவை:

முதலாவது, 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தேசிய தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமும் தொழில் திணைக்களமும் சலவை நிலையங்களுக்கென எளிய வழிகாட்டி ஒன்றைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். இறக்குமதி செய்யப்படும் பெரிய இயந்திரங்களில் அவ்விரு மொழிகளிலும் எச்சரிக்கை ஒட்டப்படவேண்டும். 13 அம்பியர் சதுரமுள் செருகியை நாடு முழுவதற்கும் ஒரே தராதரமாக ஏற்கச் செய்த அரசாங்கத்துக்கு இது கடினமான காரியமன்று.

இரண்டாவது, தமது இடத்துக்கு வந்து வேலை செய்யும் எவருடைய பாதுகாப்புக்கும் தொழில் நடத்துபவர் பொறுப்பாவார் என்ற விதி நமது சட்டத்திலும் இடம்பெற வேண்டும். சுயமாகத் தொழில் செய்யும் பழுதுபார்ப்பவர் சிறு தொகை செலுத்தி நட்டஈட்டுப் பாதுகாப்பைப் பெறும் திட்டமும் அதனுடன் வரவேண்டும்.

மூன்றாவது, மின்தொழிலாளருக்குப் பயிற்சியளிக்கும் நிலையங்களில் தமிழ் மொழிமூல வகுப்புக்கள் குறைவின்றி நடைபெற வேண்டும். கைப்பழக்கத்தினால் தொழில் கற்ற மூத்தவர்களுக்கு, அவர்கள் பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை உண்டு. அதனைப் பெற அவர்களை ஊக்குவிப்பது நமது சங்கங்களின் வேலை.

நான்காவது, அரசாங்கத்துக்காகக் காத்திராமல் லோண்டரி முதலாளிமார் இவ்வாரமே செய்யக்கூடியவை. ஒவ்வொரு பெரிய இயந்திரத்தின் அருகிலும், கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பூட்டக்கூடிய ஐசொலேட்டரைப் பொருத்துக. பூட்டையும் அட்டையையும் அதன் பக்கத்தில் தொங்கவிடுக. ட்ரிப் சுவிட்சைத் தாண்டிப் போட்ட கம்பி இருந்தால் அகற்றுக. பழுதுபார்ப்பவரைத் தனியே விடாது, ஆளியின் இடமும் 1990 என்னும் சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கமும் அறிந்த ஒருவரை அருகில் நிறுத்துக. மின்தாக்கத்துக்குள்ளானவரை வெறுங்கையால் இழுத்தல் கூடாது. ஆளியை முதலில் இறக்குக.

லோண்டரிக்குத் துணி கொடுக்கும் விடுதிகளையும் மண்டபங்களையும் நடத்துபவர்களும், அவற்றுக்கு ஆலோசனை கூறும் கணக்காளர், பொறியியலாளர், சட்டத்தரணிகளும் எமது வாசகர்களே. ஒப்பந்தம் எழுதும்போது விலைக்கும் தவணைக்கும் ஒரு வரி எழுதுகிறீர்கள். பூட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

ஊரில் கமம் செய்யும் அன்பர்கள் இது பட்டணத்துப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கிணற்றடியில் நீரிறைக்கும் மோட்டாரைத் தூக்கிப் பார்க்கும்போது உங்கள் காலும் ஈரத்தில்தான் நிற்கிறது. ஆளி வீட்டுச் சுவரில். நீங்கள் தோட்டத்தின் மறுகோடியில். தண்ணீர் வரவில்லையே என்று வீட்டிலிருந்து ஒரு பிள்ளை ஆளியைப் போட்டுவிட்டால்? வெள்ளவத்தை இயந்திரத்துக்குச் சொன்ன விதி கிணற்றடிக்கும் உரியது. துண்டியுங்கள், பூட்டுங்கள், சோதியுங்கள், அதன்பின் தொடுங்கள்.

கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் செய்வதில் நமக்குப் பழக்கம் அதிகம். ஓர் உயிர் போனபின் ஒழுங்கை முழுவதும் கூடி நின்று அனுதாபம் தெரிவிக்கிறோம், நிதி திரட்டுகிறோம், அடுத்த வாரம் மறந்துவிடுகிறோம். இம்முறை முன்னதாகவே விழித்துக்கொள்வோம். அடுத்த முறை உங்கள் ஒழுங்கையிலுள்ள லோண்டரிக்குத் துணி கொடுக்கச் செல்லும்போது, முதலாளியிடம் இரண்டு கேள்விகளை மரியாதையோடு கேளுங்கள்: இயந்திரத்தைத் திருத்தும்போது பூட்டு எங்கே? சாவி யார் கையில்? பத்துப் பேர் கேட்டால் அவர் யோசிப்பார். நூறு பேர் கேட்டால் பூட்டு வாங்குவார். சட்டத்தைத் திருத்துமாறு அரசாங்கத்தை வற்புறுத்துவதற்கும் அந்த நூறு பேரே வேண்டும்.